மலைக்கு அப்பால் ஒலிக்கும் குரல்

ஸ்ரீரங்கப்பட்டணத்தின் அருகே கரிகட்டா குன்று உள்ளது. ஊரில் நிற்கும் நமக்கு அதன் மறுபுறம் தெரிவதில்லை. உச்சியில் நின்றாலோ இருபுறமும் தெரிகின்றன. 1799ஆம் ஆண்டு இவ்வூர்ப் போரில் ஈடுபட்ட வில்லியம் லாம்டன், 1802இல் பெரும் நில அளவையைத் தொடங்கி, உயர்ந்த இடங்களிலிருந்து ஒன்றையொன்று நோக்கியே நாட்டை அளந்தார்.

வனக்காவலரின் கையடக்க வானொலிக்கும் இதுவே விதி. அதன் அலைகள் ஏறத்தாழ ஒளியைப்போல் நேராகச் செல்வன. மலை குறுக்கிட்டால் அப்பால் எட்டுவது அரிது. ஆகவே, மலைக்காடுகளில் உச்சியொன்றில் ‘ரிப்பீட்டர்’ என்னும் அஞ்சல் நிலையத்தை நிறுவுகின்றனர். அது ஓர் அலைவரிசையில் பள்ளத்தாக்கின் மெல்லிய குரலை ஏற்று, அக்கணமே வேறோர் அலைவரிசையில் வலுவுடன் பரப்புகிறது. இரண்டும் ஒன்றாயின் தன் குரலே தன் செவியை அடைத்துவிடும்.

மின்கம்பி எட்டாத உச்சியில் சூரியத் தகடும் மின்கலமுமே அதன் உயிர். 2019 பிப்ரவரியில் பந்திப்பூர்க் காட்டில் பெருந்தீ பரவியதை நாம் அறிவோம். அத்தகைய வேளையில் ஒரு மின்கலம் ஓய்ந்தாலும் பள்ளத்தாக்குகள் ஒன்றுக்கொன்று ஊமையாகிவிடும். ஆதலின், கோடைக்கு முன்பே உச்சிக்கு ஏறித் தகட்டைத் துடைத்து, மின்கலத்தைச் சோதிப்பதும் வனக்காவலே என்று நாம் கொள்ளல் வேண்டும்.