குன்றிமணி அளவு

(கும்பாபிஷேக விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இத்திருக்கோயிலின் விமான கலசத்திற்குப் பொன் முலாம் பூசுவதற்காகத் திருப்பணிக் குழுவினர் காணிக்கை பெற்றுக்கொண்டிருந்த நாளில் நானும் உடன் அமர்ந்திருந்தேன். முதியவள் ஒருத்தி தன் மூக்குத்தியைக் கழற்றித் தட்டில் வைத்தாள். "குன்றிமணித் தங்கந்தான் தேறும் ஐயா, இதையும் கணக்கிலே எழுதுவீர்களா?" என்று கேட்டாள். அவ்வினாவே இன்று யான் பேசப் புகும் பொருளாயிற்று.

குன்றி என்பது வேலியிலும் புதரிலும் பற்றிப் படரும் ஒரு கொடி. அதன் இலை புளியிலையைப் போன்றது. காய் முற்றி வெடித்தால் செக்கச் சிவந்த மணிகள் தோன்றும். ஒவ்வொரு மணியின் முனையிலும் ஒரு கரும்பொட்டு இருக்கும். விநாயக சதுர்த்தியன்று களிமண் பிள்ளையாருக்கு நாம் கண்ணாகப் பதிப்பது இம்மணியைத்தான். வடமொழியாளர் இதனைக் குஞ்சா என்பர். பாகவதத்தில் பிரமதேவன் துதிக்கும் ஆயர்பாடிக் கண்ணன், மயிற்பீலி சூடி, இம்மணியைக் காதிற் பூண்டு நிற்கின்றான்.

இம்மணி பொன்னை அளக்கும் நிறையாகவும் விளங்கிற்று. இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி. இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. ஒரு குன்றியின் நிறை ஏறக்குறைய எட்டில் ஒரு கிராம். தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுக்களில் இவ்வளவுகள் பயில்கின்றன. முதலாம் இராசராசன் தன் 25-ஆம் ஆட்சியாண்டில், கி.பி. 1010-இல், ஸ்ரீவிமானத்தின் உச்சியில் வைக்கக் கொடுத்த செப்புக்குடத்தின் நிறை 3,083 பலம். அதன்மேற் போர்த்த பொன் 2,926½ கழஞ்சு. குன்றியாகக் கணக்கிட்டால் 1,17,060 குன்றி! அம்மன்னன் தான் கொடுத்தவற்றையும், தன் தமக்கையார் குந்தவையாரும் தேவியரும் கொடுத்தவற்றையும் மட்டுமன்றி, ஏனையோர் கொடுத்தவற்றையும் கல்லில் வெட்டுக எனப் பணித்தான்.

மணிக்கு மணி நிறை சிறிது வேறுபடுவது இயற்கை. ஆதலின் தஞ்சைக் கோயிலில் பொன்னை 'ஆடவல்லான்' என்று இறைவன் பெயர் பூண்ட கல்லால் நிறுத்தனர். நிறைகல்லுக்கே ஆண்டவன் திருநாமம் இருக்குமாயின், நிறுப்பவன் கை எங்ஙனம் கோணும்?

இத்துணைப் பெருமை வாய்ந்த மணியின் உள்ளே இருப்பதோ கொடிய நஞ்சு. 1884-இல் கல்கத்தாவில் வார்டன், வாடெல் என்னும் இருவர் இந்நஞ்சைப் பிரித்தெடுத்து ஆராய்ந்தனர்; அதற்கு அப்ரின் என்பது பெயர். 1891-இல் ஜெர்மானிய அறிஞர் பால் எர்லிக் எலிகளுக்கு இதனைச் சிறிது சிறிதாக அளித்து, உடல் நஞ்சை எதிர்க்கும் ஆற்றல் பெறுவதைக் காட்டினார். சித்த மருத்துவத்திலும் வெண்குன்றியைத் தூய்மை செய்த பின்னரே மருந்திற் சேர்ப்பர்.

தாய்மார்கள் இதனை நன்கு மனத்திற் கொள்ளவேண்டும். மேல்தோல் கடினமாதலின், முழுமணியை விழுங்கினால் அது தீங்கின்றி வெளியேறிவிடுதலும் உண்டு. மென்ற மணியோ, மாலைக்கெனத் துளையிட்ட மணியோ உயிரைக் குடிக்கும். இதற்கு மாற்று மருந்து இல்லை. நஞ்சின் குறிகள் தோன்றப் பல மணி நேரம் ஆகலாம். அதுவரை காத்திராது குழந்தையை உடனே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுதல் வேண்டும். பிள்ளையாரை நீரில் விடுமுன் அக்கண்மணிகளை எடுத்துக் குழந்தைகளுக்கு விளையாடக் கொடுக்கும் வழக்கத்தை இன்றே விட்டுவிடுங்கள்.

திருவள்ளுவனார் இம்மணியை இருமுறை எடுத்தாள்கின்றார். 'கூடாவொழுக்கம்' என்னும் அதிகாரத்தில், புறத்தே குன்றியின் செம்மையும் அகத்தே அதன் மூக்கின் கருமையும் உடைய பொய்த்தவத்தோரைக் காட்டுகின்றார். 'மானம்' என்னும் அதிகாரத்திலோ, மலைபோல் உயர்ந்தோரும் குன்றியளவு இழிசெயல் செய்தால் தாழ்ந்துபோவர் என்கின்றார்.

அன்பர்களே! குன்றியளவு ஈகை சிறிதன்று. குன்றியளவு பிழையும் சிறிதன்று. கோயிலுக்கு அன்போடு கொடுத்த குன்றியளவு பொன் கலசத்தில் ஏறி ஒளிரும். கோயிலிலிருந்து மறைத்தெடுத்த குன்றியளவு பொன், மென்ற குன்றிமணியாகவே உள்ளே நின்று கொல்லும். "சிவன் சொத்து குல நாசம்" என்று நம் முன்னோர் கூறியதும் இதனையே. இத்திருப்பணிக் கணக்கினை எவரும் கேட்டுப் பார்க்கலாம் எனக் குழுவினர் அறிவித்திருப்பது போற்றுதற்குரியது.

அம்முதியவளின் வினாவிற்குக் கணக்கர் வாயால் விடை கூறவில்லை. பெருங்கொடையாளர் பெயர்கள் நிறைந்த அதே ஏட்டில், அதே மையால், அவள் பெயரையும் பொன்னின் நிறையையும் எழுதி, அவளுக்குப் படித்துக் காட்டினார். நேற்று புனித நீர் பெய்தபோது கலசத்தை அண்ணாந்து நோக்கிக் கைகூப்பி நின்றவர்களுள் அவளும் ஒருத்தி.

அக்கலசத்தின் ஒளி போன்றே நம் அகமும் புறமும் ஒன்றாய் விளங்க இறைவன் திருவருள் கூட்டுவானாக என்று வேண்டி அமைகின்றேன்.