கொச்சிக் காயலில் பனிக்கால மீன்பிடிப்பு



பனிக்காலத்து மீன்பிடிப்பு என்றால், கனடா முதலிய வடதேசத்தார்க்கு உறைந்துபோன ஏரி நினைவுக்கு வரும். பனிப்பாளத்தில் துளையிட்டுத் தூண்டிலை இறக்கிக் காத்திருப்பார்கள். மார்கழி தையை முன்பனி என்றும் மாசி பங்குனியைப் பின்பனி என்றும் வகுத்த தமிழ் மரபினராகிய நமக்கு, விடியற்காலைக் குளிராவது நினைவுக்கு வரும். கொச்சியில் அந்தக் குளிரும் இல்லை. தை மாத இரவிலும் மட்டாஞ்சேரியில் வெப்பம் 22, 23 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. ஆயினும் அவ்வூர் மீனவர்க்குப் பனிக்காலம் தவறாமல் வந்து சேர்கிறது. அதனை அவர்கள் நாவினால் அறிகிறார்கள். காயல் நீர் கரிக்கத் தொடங்கிற்றென்றால் பருவம் மாறிவிட்டது என்று பொருள்.

இதன் காரணத்தைச் சற்றுப் பார்ப்போம். மட்டாஞ்சேரிக்குத் தெற்கே ஆலப்புழை வரையில் நீண்டு கிடப்பது வேம்பநாட்டுக் காயல். பம்பை, மணிமலை, அச்சன்கோவில், மீனச்சில், மூவாற்றுப்புழை ஆகிய ஆறுகள் அதில் வந்து கலக்கின்றன. பெரியாற்றின் கிளை வடக்கிலிருந்து வந்து கொச்சி முகத்துவாரத்தை அடைகிறது. ஆனி ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவமழை கொட்டும்போது இவ்வாறுகள் கடலையே பின்னுக்குத் தள்ளிவிடும். காயல் பெரும்பாலும் நன்னீராகிவிடும். மழை ஓய்ந்து ஆறுகள் மெலிந்ததும் கடல் தன் பங்கைத் திரும்பக் கேட்கிறது. ஓதம் ஏறுந்தோறும் உப்புநீர் சிறிது சிறிதாகத் தெற்கே நகர்கிறது. மலையாளத்து விருச்சிக மாதத்தில், அதாவது நம் கார்த்திகையை ஒட்டி, வரும் பேரோதத்திற்கு ‘விருச்சிக வேலியேற்றம்’ என்றே அங்கே பெயர். தாழ்ந்த கரைகளில் வீட்டு முற்றம் வரை நீர் வந்து நிற்கும். இல்லத்தரசியர்க்கு அது தொல்லை. வலைஞர்க்கோ அது பருவத்தின் அறிவிப்பு.

முகத்துவாரத்தில் நிற்கும் சீனவலைகளைப் படத்திலேனும் பார்க்காதவர் இரார். குப்ளாய் கானின் காலத்தில் வந்தவை என்பாரும், மக்காவிலிருந்து போர்த்துக்கீசியர் கொண்டு வந்தவை என்பாரும் உண்டு. அவ்வழக்கு இன்னும் தீரவில்லை. அதன் அமைப்பு எளிது. தேக்கு மரமும் மூங்கிலும் கொண்ட பெரிய சட்டம். அதன் ஒரு முனையில் வலை, மறுமுனையில் கயிற்றில் கோத்த கருங்கற்கள். நடுமரத்தின்மேல் ஓர் ஆள் நடந்து சென்றால் வலை தாழும். மற்றவர்கள் கயிற்றை இழுத்தால் எழும். மழைக்காலத்தில் ஆறுகள் அடித்து வரும் ஆகாயத்தாமரை இவ்வலைகளுக்குப் பெரும் பகை. உப்பு ஏறியதும் அச்செடி கருகி மடிகிறது, நீர்ப்பரப்பு துலங்குகிறது, ஓதத்தோடு உள்ளே வரும் மடவையும் இறாலும் வலையில் ஏறுகின்றன.

இந்த உப்பின் நடமாட்டத்தை நன்றாக அறிய வேண்டுமானால் இரண்டு இறால்களின் வரலாற்றைக் கேட்க வேண்டும். ஒன்று கடல் இறால். கொச்சியார் நாரன் என்றும் பூவாலன் என்றும் வகைபிரித்து அழைப்பது. அது பிறப்பது கடலில். பிறந்து சில வாரங்களில், ஓதம் ஏறும் வேளை பார்த்து, கண்ணுக்குத் தெரியாத அளவினதாய்க் காயலுக்குள் புகுகிறது. சில மாதம் வளர்ந்து, பின் இனம் பெருக்கக் கடலுக்கே திரும்புகிறது. மற்றொன்று நீலக் கைகளையுடைய ஆற்றுக் கொஞ்சு. அதன் வாழ்வு இதற்கு நேர் எதிர். அது வளர்வது குட்டநாட்டின் நன்னீர் ஆறுகளில். மழைக்காலத்தின் கடைக்கூற்றில் தாய்க்கொஞ்சு வயிற்றின் கீழ் முட்டைகளைச் சுமந்துகொண்டு வடக்கே, உவர்நீரை நாடி இறங்குகிறது. அதன் குஞ்சுகளுக்கு உப்பு வேண்டும். நன்னீரிலேயே விட்டுவிட்டால் சில நாட்களில் மடிந்துவிடும். ஒரு மாதத்திற்கு மேல் உவர்நீரில் உருமாறிய பின்னர், சிற்றிறாலாய்த் தாயின் ஆற்றைத் தேடி மேலே ஏறும். ஒன்று வளர்வதற்குக் காயலுக்கு வர, மற்றொன்று பிறப்பதற்கு வருகிறது. இரண்டும் உப்பும் நன்னீரும் கலக்கும் அந்த எல்லையை நம்பியே இருக்கின்றன.

அந்த எல்லையில் மனிதன் இரண்டு கதவுகளை வைத்திருக்கிறான்.

முதற்கதவு மிகப் பழையது. வைப்பின், கும்பளங்கி, செல்லானம், கடமக்குடி ஆகிய இடங்களின் பொக்காளி வயல்களில் அதனைக் காணலாம். பொக்காளி என்பது உப்பைத் தாங்கும் உயரமான நெல். மழை வயலின் உப்பைக் கழுவியபின் விதைத்து ஐப்பசி வாக்கில் அறுப்பார்கள். கதிரை மட்டும் கொய்து தாளை நீரிலேயே விட்டுவிடுவார்கள். பின்பு வரப்பை உயர்த்தி, மதகைத் திறந்து, ஓதநீரை உள்ளே விடுவார்கள். இரவில் மதகின்மேல் ஒரு விளக்குத் தொங்கும். ஒளியை நாடி இறாற்குஞ்சுகள் நீரோடு புகும். நீர் வடியும்போது மூங்கில் தட்டி அவற்றைத் தடுத்துக்கொள்ளும். அழுகும் தாளைச் சார்ந்து இறாலுக்கு இரை உண்டாகிறது; இறாலின் கழிவு அடுத்த நெல்லுக்கு எருவாகிறது. அமாவாசை பௌர்ணமியை ஒட்டிய நாட்களில், ஓதம் இறங்கும்போது மதகில் வலை கட்டி அறுவடை செய்வார்கள். நவம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரையில் இதற்கு உரிமம் உண்டு. ‘ஒரு நெல், ஒரு மீன்’ என்பது அரசின் விதி. ஆனால் நெல்லில் ஆதாயம் குறைவாதலால், ஆண்டு முழுதும் உப்புநீரைத் தேக்கி இறாலே வளர்க்க விரும்பும் நிலக்காரரும் உளர். அவ்வாறு செய்தால் பக்கத்து வயலிலும் உப்பு ஊறி நெல் கெடும். 2008-இல் பொக்காளிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆயினும் விளையும் பரப்பு சுருங்கியே வருகிறது.

இரண்டாவது கதவு தண்ணீர்முக்கத்து அணை. கொச்சிக்குத் தெற்கே காயலின் குறுக்கே ஒரு கிலோமீட்டருக்கும் மேலாக நீண்டு நிற்கும் இது 1976-இல் செயற்படத் தொடங்கிற்று. கடல் மட்டத்திற்கும் தாழ்ந்த குட்டநாட்டில் புஞ்சை நெல்லை உப்பிலிருந்து காப்பது இதன் நோக்கம். டிசம்பர் நடுவில் கதவுகளை இறக்கினால், மூன்று மாதமோ அதற்கு மேலோ திறப்பதில்லை. நெல்லுக்கு இது அரண் என்பதில் ஐயமில்லை. ஆனால் மேலே ஏற வரும் சிறு கொஞ்சுகள் கதவில் முட்டி நிற்கின்றன. உவர்நீரில் இனம் பெருக்கும் கறுப்புக் கக்கா அணைக்குத் தெற்கே நலிகிறது. உப்பு எட்டாத அந்நீரில் ஆகாயத்தாமரை செழிக்கிறது. வயல்களின் உரமும் மருந்தும் அங்கேயே தேங்குகின்றன. தென்பகுதியில் வெண்மையான குருத்தோலை கட்டிய கயிற்றை இழுத்து, வெருண்டு சேற்றில் பதுங்கும் கரிமீனை மூழ்கிக் கையாற் பிடிப்போரும், கழுத்தளவு நீரில் நின்று துழாவிப் பிடிக்கும் பெண்டிரும் இதன் பயனை நேரே அனுபவிக்கிறார்கள். 2010-இல் கரிமீனைக் கேரளத்தின் மாநில மீனாக அறிவித்தார்கள். அதனைப் பிடிப்பவர்க்கு நீர் தெளிந்திருப்பதே அதனினும் பெரிய சிறப்பாகும்.

ஆண்டுதோறும் பங்குனி பிறந்ததும் வழக்கு எழுகிறது. கதவைத் திறக்க வேண்டுமென்று மீனவர் கேட்பார்கள். அறுவடை முடியட்டும் என்று உழவர் வேண்டுவார்கள். இரு சாராரும் பெரும்பாலும் அக்கம்பக்கத்தார். ஒருவர் நெல்லை மற்றவர் உண்பவர். எனக்குத் தோன்றுவது இது: குட்டநாட்டின் வயல்கள் ஆளுக்கொரு காலத்தில் விதைப்பதனால்தான் கடைசி வயல் அறுபடும் வரையில் கதவு மூடியிருக்க நேர்கிறது. விதைக்கும் நாளை ஒழுங்குபடுத்தி எல்லாரும் ஏறத்தாழ ஒரே காலத்தில் அறுத்தால், சில வாரங்களேனும் முன்பாகக் கதவை உயர்த்தலாம். பின்பனியின் பேரோதம் ஒன்றிரண்டாவது அப்போது தெற்கே செல்லும். கதவடியில் காத்துக் கிடக்கும் கொஞ்சுகளுக்கும் ஆற்றுக்கு வழி கிடைக்கும்.