படத்தின் பின்புறம்



தனுஷ்கோடியை இணையத்தில் தேடுவோர்க்குப் பெரும்பாலும் கிடைப்பவை, இடிந்த தேவாலயமும் சிதைந்த சுவர்களுமே. 1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயலில் அழிந்த ஊரின் எச்சங்கள் அவை. அதற்கு முன் ஐம்பது ஆண்டுகள், 1914 முதல், போட் மெயிலில் வந்த பயணியர் அங்கே இறங்கித் தலைமன்னாருக்குக் கப்பல் ஏறினர். அஞ்சலகமும் சுங்க அலுவலகமும் பள்ளியும் கொண்டு உயிர்ப்புடன் விளங்கிய ஊர் அது. அவ்வூரின் அழிவை அறிந்த அளவுக்கு அதன் வாழ்வை நாம் அறியோம். வாழ்வின் சான்றுகள் உயிர் தப்பியோரின் வீட்டுப் பெட்டிகளில் உறங்குகின்றன.

என் மாணவி ஒருத்தி, தன் பாட்டி காத்து வைத்திருந்த படம் ஒன்றைக் காட்டினாள். தனுஷ்கோடி நடைமேடையில் அறுவர் நிற்கின்றனர். பின்புறத்தில் ஊரும் ஐவர் பெயர்களும் மையால் எழுதப்பட்டுள்ளன. தலையில் பெட்டி சுமந்து நிற்கும் ஆறாமவருக்குக் 'கூலி' என்னும் சொல் மட்டுமே. அவள் முன்புறத்தை மட்டும் இணையத்தில் பதிந்தாள். சில நாட்களில் அப்படம் பலர் கைமாறி, 'பழைய இராமேசுவரம்' என்னும் குறிப்புடன் அவளிடமே திரும்பி வந்தது. ஐந்து பெயர்களும் உதிர்ந்தன. ஊரின் பெயரும் உதிர்ந்தது.

நடுகல்லில் வீரனின் பெயரைப் பொறித்த மரபு நம்முடையது. கல் நாட்டும் முறையைத் தொல்காப்பியம் ஆறு நிலைகளாக வகுத்துரைக்கின்றது. எழுத்து அழிந்த கல், வழிச்செல்வோர்க்கு வெறுங்கல்லே. பெயரற்ற படமும் அத்தகையதே.

ஆதலால், பழம்படங்களைப் பகிர விழையும் அன்பர்கள் இருபுறத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அதன் தெளிவு குறையும். கோப்பினுள் பொதிந்த விவரங்களும் நீங்கும். எனவே பெயரையும் ஊரையும் ஆண்டையும் படத்தின் கீழ் விளிம்பிலேயே, பிரிக்கவியலாதவாறு, தமிழில் எழுதுங்கள். உரிய குடும்பத்தாரின் இசைவையும் முதலில் பெறுங்கள்.

1964இல் பத்து வயதினராய் இருந்தோர் இன்று எழுபதைக் கடந்துவிட்டனர். அவர்கள் முன் அமர்ந்து கேட்க நமக்குள்ள காலம் சிறிது.

மாணவி மீண்டும் பாட்டியிடம் சென்று ஆறாமவரைப் பற்றி வினவினாள். அம்மூதாட்டி நெடுநேரம் படத்தையே நோக்கியிருந்து, "பேர் நினைவில்லை, கண்ணு. எங்க தெருக்காரர்தான்" என்றாராம். 'கூலி' என்றிருந்த இடத்தில், 'எங்கள் தெருக்காரர்; பெயர் தெரிந்தோர் கூறுக' என இப்போது எழுதியிருக்கிறோம்.