சரியா வரல, இன்னொரு தடவை

(பழைய மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் எனக்குப் போன் செய்து, "நீதானே பி.இ. முடிச்சிட்டு சினிமாப் படிப்புக்குப் போனவன்? அதைப் பத்திப் பேசு" என்றார். "சார், நான் படம் எதுவும் எடுக்கலையே. அரங்கங்களுக்கு ஒலியமைப்புச் செய்து தருகிற இன்ஜினியராகத்தானே இருக்கேன்" என்றேன். "பரவாயில்லை, வா" என்றார். படம் எடுக்காத ஒருவன் சினிமாப் படிப்பைப் பற்றி என்ன பேசுவது என்று பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். அங்கே நான் கற்றுக் கொண்டது ஒரே ஒரு வாக்கியம். அதை இங்கேயே கற்றிருக்கலாம். அதைச் சொல்லிவிட்டுப் போகலாம் என்றுதான் வந்திருக்கிறேன்.

நான் இந்தப் படிப்புக்குப் போகிறேன் என்றதும் வீட்டில் அப்பா கேட்ட முதல் கேள்வி, "சினிமாவை எல்லாமா படிப்பாங்க?" என்பது. நியாயமான கேள்விதான். படித்திருக்கிறார்கள். உலகத்திலேயே முதல் அரசுத் திரைப்படப் பள்ளி மாஸ்கோவில் 1919ல் தொடங்கியது. நம் நாட்டில் புனேயில், பழைய பிரபாத் ஸ்டூடியோ இருந்த இடத்தில், 1960ல் தொடங்கினார்கள். 1995ல் கல்கத்தாவில் சத்யஜித் ராய் பெயரில் இன்னொன்று வந்தது. ஏதாவது ஒரு பட்டம் வாங்கியவர்கள் சேர்ந்து மூன்று வருடம் படிக்கிற முதுநிலைப் படிப்பு. டைரக்‌ஷன், கேமரா, எடிட்டிங், சவுண்ட் என்று தனித்தனிப் பிரிவு. சவுண்டுக்கு மட்டும் பிளஸ் டூவில் பிசிக்ஸ் படித்திருக்க வேண்டும்.

அடூர் கோபாலகிருஷ்ணன் நம் திண்டுக்கல் பக்கத்துக் காந்திகிராமத்தில் 1961ல் பொருளாதாரமும் பொது நிர்வாகமும் படித்து முடித்தவர். கிடைத்த அரசு வேலையை விட்டுவிட்டு 1962ல் புனேக்குப் போனார். 2009ல் ஆஸ்கர் பரிசைப் பகிர்ந்து கொண்ட ரசூல் பூக்குட்டி அதே இடத்தில் சவுண்ட் படித்தவர். நம் ஜாதிக்காரரும் ஒருவர் உண்டு. இன்ஜினியர் ஜாதியைச் சொல்கிறேன். 'பேட்டில்ஷிப் பொட்டெம்கின்' படத்தை 1925ல் எடுத்த ஐசன்ஸ்டீன், சிவில் இன்ஜினியரிங் படிப்பைப் பாதியில் விட்டவர். ஆகவே அரியர்ஸ் வைத்திருந்த நண்பர்கள் மனம் தளர வேண்டாம்!

நான் சேர்ந்தது வெளிமாநிலத்தில் ஒரு பள்ளி. முதல் நாளே கேமரா, மைக் எல்லாம் கையில் தருவார்கள் என்று நினைத்துப் போனேன். ஒலிப்பதிவு ஆசிரியர் எங்களை ரயில்வே ஸ்டேஷனுக்குக் கூட்டிக் கொண்டு போய், "ஒரு மணி நேரம் கண்ணை மூடிக்கிட்டு உட்காருங்க. காதில் விழுவதை எல்லாம் எழுதுங்க" என்றார். நான் இருபத்தி மூன்று சத்தம் எழுதினேன். மறுநாள் அதே இடத்தில் மைக் வைத்துப் பதிவு செய்து போட்டுக் கேட்டோம். நாற்பதுக்கு மேல் இருந்தது. டியூப் லைட் சோக் முனகுவது எல்லாம் அதில் இருந்தது. நம் காது வேண்டாததை ஒதுக்கிவிடுகிறது. மைக் எதையும் ஒதுக்காது. இதை அவர் போர்டில் எழுதியிருந்தால் நான் நோட்டில் எழுதியிருப்பேன், பரீட்சையிலும் எழுதியிருப்பேன். ஆனால் தெரிந்திருக்காது.

இப்போது நீங்களும் செய்து பாருங்கள். அரை நிமிஷம் யாரும் பேசாதீர்கள்.

(அரங்கம் அமைதி)

ஃபேன் சத்தம், வெளியே ஜெனரேட்டர், மெஸ்ஸில் பாத்திரம் உருட்டுவது, மூன்றாவது வரிசையில் ஒரு செல்போன். இத்தனையும் நான் பேசும்போதும் இருந்தது. ஷூட்டிங் முடிந்ததும் இப்படி அரை நிமிஷம் எல்லோரையும் நிற்க வைத்து அறையின் அமைதியை மட்டும் தனியாகப் பதிவு செய்வோம். ரூம் டோன் என்று பெயர். எடிட்டிங்கில் இரண்டு வசனத்துக்கு நடுவே வெட்டின இடத்தில் அதைப் போடாவிட்டால், பள்ளத்தில் விழுந்த மாதிரி இருக்கும். ஒருத்தர் வீட்டில் ஷூட்டிங் என்றால் ஃபிரிட்ஜை அணைப்போம். அணைத்ததை மறந்துவிட்டுப் போனால் அந்த வீட்டு அம்மாவின் பாலும் மாவும் கெட்டுப் போகும். அதனால் பைக் சாவியை ஃபிரிட்ஜுக்குள்ளேயே வைத்துவிடுவோம். சாவி இல்லாமல் வீட்டுக்குப் போக முடியாதே!

படிப்பு முழுக்க இப்படித்தான். முதலில் வசனமே இல்லாத ஒரு சின்னக் காட்சி. ஒருவர் உள்ளே வருகிறார், கடிதத்தைப் பிரிக்கிறார், உட்காருகிறார், அவ்வளவுதான். அடுத்த வருடம் வசனத்தோடு ஒரு காட்சி. கடைசியில் டிப்ளமோ படம். ஒவ்வொன்றுக்கும் இத்தனை நாள், இத்தனை ஃபிலிம் என்று அளவு உண்டு. வெளியே எல்லாம் டிஜிட்டலுக்கு மாறிக் கொண்டிருந்த நேரம். ஆனாலும் ஒரு பயிற்சியை மட்டும் ஃபிலிமில் செய்யச் சொன்னார்கள். 35 எம்.எம். ஃபிலிம் 400 அடி டப்பா ஒன்று. ஒரு அடிக்கு 16 ஃபிரேம், ஒரு வினாடிக்கு 24 ஃபிரேம். கணக்குப் போட்டுப் பாருங்கள், நாலு நிமிஷம் இருபத்தாறு வினாடி. அதற்குள் முடிக்க வேண்டும். அளவு குறைவாக இருந்ததால் முந்தின ராத்திரி உட்கார்ந்து பத்துத் தடவை ஒத்திகை பார்த்தோம்.

ஃபிலிமே இல்லாவிட்டாலும் படிக்கலாம். மாஸ்கோப் பள்ளியின் ஆரம்ப வருடங்களில் உள்நாட்டுப் போர். ஃபிலிமுக்குக் கடும் தட்டுப்பாடு. அங்கே ஆசிரியராக இருந்த குலெஷோவ் வகுப்பை நிறுத்தவில்லை. ஷாட் ஷாட்டாகப் பிரித்து எழுதிய படத்தை மாணவர்களை விட்டு நடித்துக் காட்டச் செய்தார். ஃபிலிம் இல்லாத சினிமா! அந்தக் கூட்டத்தில் இருந்தவர்தான் வேதியியல் படித்துவிட்டு வந்த புதோவ்கின். 1926ல் 'மதர்' படம் எடுத்தார். நம் லேபில் கருவி இல்லை என்று புலம்பும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

சரி, அந்த ஒரு வாக்கியத்துக்கு வருகிறேன்.

இரண்டாம் வருடம் வசனக் காட்சி. என் நண்பன் டைரக்‌ஷன், நான் சவுண்ட். நடிக்க வந்தவர் அந்தத் தெருவிலேயே இருந்த ஓய்வு பெற்ற டீச்சரம்மா. கேமரா முன்னால் அதற்குமுன் நின்றதே இல்லை. மகனிடம் வீட்டை விற்க வேண்டாம் என்று சொல்கிற காட்சி. மூன்றாவது டேக்கில் அந்த அம்மாவின் குரல் உடைந்தது. நடிப்பு மாதிரியே இல்லை. 'கட்' சொன்னதும் எல்லோரும் கை தட்டினார்கள். நண்பன் கண்ணில் தண்ணீர்.

என் ஹெட்போனில் மட்டும் வேறொன்று கேட்டது. பட்டுப்புடவைக்குள் சொருகியிருந்த சின்ன மைக்கில் சரசரவென்று ஒரு உரசல். சரியாக அந்த இரண்டு வரி மேல். பூம் மைக்கும் கை கொடுக்கவில்லை. ஃபிரேமில் தெரியக் கூடாது என்று தள்ளிப் பிடித்திருந்தோம். தூரம் இரண்டு மடங்கானால் நேரடிச் சத்தம் ஆறு டெசிபல் குறையும், அறையின் எதிரொலி குறையாது. இது நான் இங்கேயே படித்துப் பாஸான பாடம்.

'இன்னொரு டேக்' என்று சொல்லியிருக்க வேண்டும். இருபது பேர் சந்தோஷமாக நிற்கிறார்கள். வெளிச்சம் போய்க் கொண்டிருக்கிறது. நான் கட்டை விரலைத் தூக்கி 'ஓகே' காட்டிவிட்டேன். டப்பிங்கில் பார்த்துக் கொள்ளலாம் என்று மனசுக்குச் சமாதானம்.

பத்து நாள் கழித்து அந்த அம்மா டப்பிங்குக்கு வந்தார்கள். ஐந்து முறை, பத்து முறை சொன்னார்கள். வார்த்தை வந்தது. அந்த உடைசல் வரவில்லை. "தம்பி, அன்னிக்கு எப்படிச் சொன்னேன்னு எனக்கே தெரியலையே" என்றார்கள். எனக்குத் தலை நிமிரவில்லை.

எந்தப் பயிற்சியானாலும் கடைசியில் தியேட்டரில் பள்ளி முழுவதற்கும் போட்டுக் காட்டுவார்கள். அன்றைக்கு அந்தக் காட்சி முடிந்து லைட் போட்டதும் ஆசிரியர் என்னைத்தான் கூப்பிட்டார். "புடவைச் சத்தம் அன்னிக்கே உனக்குக் கேட்டுதா?"

"கேட்டுது சார்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

என்னிடம் பதில் இல்லை. அவர் திட்டவும் இல்லை. அடுத்த படத்தைப் போடச் சொல்லிவிட்டார். நண்பன் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். அவனும் ஒன்றும் சொல்லவில்லை. அவன் கேட்டிருந்தால் தேவலை.

நண்பர்களே, நான் ஏன் சொல்லவில்லை என்று பல நாள் யோசித்தேன். 'சரியா வரல' என்று நாலு பேர் முன்னால் சொல்லி எனக்குப் பழக்கமே இல்லை. எங்கே பழகியிருப்பேன்? இந்தக் கல்லூரி லேபில் நாம் எல்லோரும் என்ன செய்தோம்? விடை என்ன வர வேண்டும் என்று பார்த்துவிட்டு, அதிலிருந்து பின்னாலே கணக்குப் போட்டு ரீடிங் எழுதினோம். ரெக்கார்டு நோட்டில் ஒருத்தனுக்காவது சோதனை தப்பாக வந்ததுண்டா?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எங்கள் புராஜெக்ட் கைடும் முன் வரிசையில் இருக்கிறார்கள். சார், மன்னிக்க வேண்டும். எங்கள் இறுதியாண்டு புராஜெக்டை நாங்கள் செய்யவில்லை. ஆளுக்கு இரண்டாயிரம் போட்டு, நாலு பேர் சேர்ந்து, ஒரு கடையில் வாங்கினோம். வைவாவில் வெளியிலிருந்து வந்தவர் ஒரு கேள்வி கேட்டார். நாலு பேரும் விழித்தோம். ஆனாலும் மார்க் வந்தது, முதல் வகுப்பும் வந்தது. பதில் இல்லாமலே இங்கே பாஸானேன். அங்கே பதில் இல்லாமல் நின்றபோதுதான் வலித்தது.

அந்த வலி இப்போது சோறு போடுகிறது. போன வருடம் ஒரு ஊரில் கூட்ட அரங்கம் ஒன்றுக்கு ஒலியமைப்புச் செய்தேன். எதிரொலி 1.2 வினாடிக்குள் அடங்கும் என்று எழுதிக் கொடுத்திருந்தேன். திறப்பு விழாவுக்கு மூன்று நாள் முன்னால் அளந்தால் 1.8 காட்டுகிறது. மேலே ஒலி உறிஞ்சுகிற பலகைக்குப் பதிலாகச் சாதாரணப் பலகையை மாட்டிவிட்டார்கள். அழைப்பிதழ் அச்சாகிவிட்டது. "யாருக்கு சார் தெரியப் போவுது?" என்றார் கான்ட்ராக்டர். "சரியா வரல, இன்னொரு தடவை மாட்டணும்" என்றேன். விழா தள்ளிப் போயிற்று. என் பில்லும் ஆறு மாதம் தள்ளிப் போயிற்று. ஆனால் இன்றைக்கு அந்த அரங்கத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்தவருக்கும் பேச்சுப் புரிகிறது.

ஆகவே சங்கத்துக்கு என் வேண்டுகோள் ஒன்று. நுழைவாயிலுக்கு வளைவு கட்டலாம் என்று காலையில் பேசினோம். வளைவு இருக்கட்டும். அதற்கு முன்னால் இறுதியாண்டு மாணவர்கள் புராஜெக்டுக்குச் சாமான் வாங்க ஒரு சிறு நிதி வைப்போம். வருடத்துக்கு ஒரு நாள், இதே அரங்கத்தில், அவர்கள் கையால் செய்ததை எல்லோர் முன்னாலும் ஓட்டிக் காட்டட்டும். ஓடாவிட்டாலும் காட்டட்டும். ஏன் ஓடவில்லை என்று சொல்கிற பிள்ளைக்கும் மார்க் உண்டு என்று கல்லூரி சொல்ல வேண்டும். பார்ப்பதற்கும் கேள்வி கேட்பதற்கும் நாம் வர வேண்டும். வருகிற பிப்ரவரியில் இரண்டு சனிக்கிழமை நான் வருகிறேன், சொந்தச் செலவில். இன்னும் நாலு பேர் சாப்பாட்டுக்கு முன்னாலேயே செயலாளரிடம் பெயர் கொடுங்கள்.