ராகுகாலமும் பரீட்சை அட்டவணையும்

(தூத்துக்குடியில் பெற்றோர்களும் மாணவர்களும் கூடிய கூட்டமொன்றில் பேசியதன் சாரம்)



மார்ச்சு மாதம் பிறந்தால் நம் வீட்டுப் பிள்ளைகள் சோறு இறங்காமலும், தூக்கம் பிடிக்காமலும், முகம் வெளுத்துத் திரிகிறார்களே, அதற்குக் காரணம் என்ன, அது யாரால் வந்தது, யாரால் தீரும் என்பதைப் பற்றியே இன்று பேச நினைக்கிறோம்.

ஜோசியரைக் கேட்டால் கிரகக் கோளாறு என்கிறார். பாட்டியைக் கேட்டால் தலையெழுத்து என்கிறாள். தகப்பனாரைக் கேட்டால், "ஒழுங்காகப் படித்தவனுக்குப் பயம் ஏன்?" என்கிறார். இந்த மூவரும் பார்க்காத காகிதம் ஒன்று பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டியிருக்கிறது. அதுதான் பரீட்சைக் கால அட்டவணை.

முதலில் ஜோசியர் கணக்கைத் தீர்த்துவிடுவோம். 2025-ம் வருஷத்துப் பிளஸ் டூ பரீட்சையை எடுத்துக்கொள்ளுங்கள். காலை 10 மணிக்கு வினாத்தாள் கொடுத்தார்கள். 10-15க்கு எழுத ஆரம்பித்து 1-15க்கு முடித்தார்கள். மார்ச்சு 3, திங்கட்கிழமை, மொழிப்பாடம். திங்களன்று பத்தரை முதல் பன்னிரண்டு வரை எமகண்டம். மார்ச்சு 21, வெள்ளிக்கிழமை, வேதியியல். வெள்ளியன்று பத்தரை முதல் பன்னிரண்டு வரை ராகுகாலம். கணக்கு, உயிரியல், இயற்பியல் மூன்றும் வந்தது செவ்வாய்க்கிழமைகளில். செவ்வாயன்று ஒன்பது முதல் பத்தரை வரை எமகண்டம். வினாத்தாளைக் கையில் வாங்கியதே எமகண்டத்தில்! வியாழக்கிழமை வந்த ஆங்கிலம் ஒன்றுதான் தப்பிற்று. பஞ்சாங்கம் மெய்யாயிருந்தால் அவ்வருஷம் தமிழ்நாட்டில் ஒரு பிள்ளையாவது தேறியிருக்குமா? ஆனால் தேறியவர்கள் 7 லட்சத்து 53 ஆயிரம் பேர். நூற்றுக்கு 95 பேர். ராகுவும் எமனும் அன்று எங்கே போயிருந்தார்கள் என்று ஜோசியரைத்தான் கேட்கவேண்டும்.

ஆனால், தோழர்களே, அதே அட்டவணையில் பஞ்சாங்கத்துக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. கணக்கும் விஞ்ஞானமும் எடுத்த பிள்ளைக்குக் கணக்குப் பரீட்சை மார்ச்சு 11ல் முடிந்து உயிரியல் 18ல் வந்தது. இடையில் ஆறு நாள். உயிரியலுக்கும் வேதியியலுக்கும் இடையில் இரண்டே நாள். வேதியியல் அவ்வளவு சின்னப் பாடமா? பாடப்பிரிவுகள் பலவாயிருப்பதால், ஒரு பிரிவார் எழுதும் நாள் மற்றொரு பிரிவாருக்கு ஓய்வு நாளாகிறது. எல்லாருக்கும் சரிசமமாகப் பங்கிடுவது சுலபமல்ல என்பதை நாமும் ஒப்புக்கொள்ளுகிறோம். ஆனால் சுலபமல்ல என்பது வேறு, முடியாது என்பது வேறு.

இடைநாளின் அருமையை இந்த ஊராருக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. இந்தக் கடலில் முத்துக்குளிப்பு நின்று அறுபது வருஷத்துக்கு மேலாயிற்று. என்றாலும் அது நடந்த விதம் பெரியவர்களுக்குத் தெரியும். முதலில் பாரைச் சோதித்து, சிப்பி முதிர்ந்திருக்கிறதா என்று பார்த்து, கடல் அமைதியாயிருக்கும் மாதத்தில் தேதி வைத்தார்கள். படகில் குளிப்பவர்கள் இருவர் இருவராய்ச் சேர்ந்திருப்பார்கள். இருவருக்கும் கல் ஒன்றுதான். ஒருவன் மூழ்கி எழுந்தால் அவன் மூச்சு வாங்கும்வரை மற்றவன் மூழ்குவான். மேலே கயிறு பிடிக்க ஓர் ஆள் காத்திருப்பான். சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுவதாகச் சொல்லிக் "கடல்கட்டி" என்று ஒருவன் கரையில் இருந்ததும் உண்டு. வெள்ளைக்காரச் சர்க்காரும் அவனுக்குப் படி கொடுத்து வைத்திருந்தது. குளித்தவன் உயிரைக் காத்தது எது? கடல்கட்டியின் மந்திரமா, மூச்சு வாங்கக் கிடைத்த இடைவேளையும் கயிறு பிடித்தவன் கவனமுமா? யோசித்துப் பாருங்கள். மூச்சு வாங்க விடாமல் ஒருவனையே மூழ்கு மூழ்கு என்று தள்ளினால் அவன் முத்தோடு வருவானா, பிணமாக வருவானா? பிள்ளைகளுக்கும் அதே நியாயந்தான். படித்ததை மூளை நிலைநிறுத்திக்கொள்ளுவது தூக்கத்தில் என்கிறது விஞ்ஞானம். விடிய விடியக் காப்பி குடித்து விழித்த பிள்ளை, தெரிந்ததையும் மறந்து உட்கார்ந்திருப்பதற்குச் சனி காரணமல்ல, தூக்கமின்மையே காரணம்.

"சர்க்கார் போட்ட தேதியை மாற்ற முடியுமா?" என்பீர்கள். எத்தனை தரம் மாறியிருக்கிறது பாருங்கள். 2020ல் கொரோனாவின்போது, ஜூன் 15ல் தொடங்க இருந்த பத்தாம் வகுப்புப் பரீட்சையை ஜூன் 9ல் ரத்துசெய்தார்கள். காலாண்டு, அரையாண்டு மார்க்குக்கு 80, வருகைக்கு 20 என்று கணக்கிட்டு எல்லாரையும் தேறவைத்தார்கள். ஐந்தாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் பொதுப் பரீட்சை என்று 2019ல் போட்ட உத்தரவை 2020 பிப்ரவரியில் வாபஸ் வாங்கினார்கள். 2018ல் தொடங்கிய பதினோராம் வகுப்புப் பொதுப் பரீட்சை 2025-26 முதல் இல்லை. பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று மூன்று வருஷம் தொடர்ந்து வாட்டிய வழக்கம் இத்தோடு தொலைந்தது. நம் ஜில்லாவிலேயே 2023 டிசம்பர் 17, 18ல் பெருவெள்ளம் வந்து, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, அரையாண்டுப் பரீட்சையை ஜனவரிக்குத் தள்ளிவைத்தார்கள். வீட்டில் தண்ணீர், புத்தகத்தில் சேறு. அந்த நிலையில் எழுது என்றால் அது பரீட்சையாகுமா? மனிதன் போட்ட தேதியை மனிதன் மாற்றினான். வானம் இடிந்து விழவில்லை.

சர்க்காரைச் சொல்லிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ளக் கூடாது. பெரிய பரீட்சைத் தேதியையாவது முன்கூட்டிச் சொல்லுகிறார்கள். 2025 மார்ச்சுப் பரீட்சைக்கு 2024 அக்டோபரிலேயே தேதி வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தின் திருப்புதல் பரீட்சைக்கும் டியூஷன் பரீட்சைக்கும் கணக்கு வழக்கு உண்டா? காலையில் அங்கே ஒன்று, மாலையில் இங்கே ஒன்று, ஞாயிற்றுக்கிழமை மற்றொன்று! ஒன்றுக்கு மற்றொன்று தெரியாது. காசு கொடுத்து இந்த நுகத்தடியைப் பிள்ளை கழுத்தில் மாட்டுகிறவர் யார்? நாமேதான்.

ஆகவே பெற்றோர்கள் செய்யவேண்டியது சொற்பமே. அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதில் பெற்றோர்களே அதிகம். மற்றப் பள்ளிகளில் ஆசிரியரை நேரில் பாருங்கள். ஒரே நாளில் இரண்டு பரீட்சை கூடாது, கனமான பாடத்துக்கு முன் அதிக நாள் விடவேண்டும், பொதுப் பரீட்சைக்கு முந்திய வாரத்தில் வேறு பரீட்சையே கூடாது என்று தீர்மானம் செய்யுங்கள். இடைநாள்களின் நியாயத்தை எழுதிப் பரீட்சைத் துறைக்கும் மனு அனுப்புங்கள்.

மாணவத் தோழர்களே! தோற்றால் உலகம் முடிந்துவிடாது. அந்த வருஷத்திலேயே துணைத்தேர்வு இருக்கிறது. மனம் தாங்கவில்லையானால் 14416 என்ற இலவச எண்ணில் பேசுங்கள்; அங்கே கேட்க ஆள் இருக்கிறது. பரீட்சை மறுபடி வரும். உயிர் மறுபடி வராது.

தலையெழுத்தை எழுதியவன் இன்னானென்று எவரும் கண்டதில்லை; அவனிடம் முறையிட வழியுமில்லை. பரீட்சை அட்டவணையை எழுதியவருக்குப் பெயர் உண்டு, பதவி உண்டு, விலாசம் உண்டு. விலாசம் இல்லாதவனுக்குத் தேங்காய் உடைப்பதை விட்டு, விலாசம் உள்ளவருக்கு ஒரு மனு எழுதுங்கள் என்று கேட்டுக்கொண்டு இத்துடன் முடித்துக்கொள்ளுகிறோம்.