மாவட்ட மன்றத்தில் நமக்கொரு நாற்காலி

 

"மாவட்ட மன்றத்துக்கு நம்மாள் ஒருவரை நிறுத்தினால் என்ன?" என்று கடைகளில் அடிக்கடி பேசிக்கொள்கிறோம். நல்ல எண்ணம்தான். ஆனால் நிற்பதற்குத் தேர்தல் இல்லையே!

ஒரு காலத்தில் இருந்தது. 1951 டிசம்பர் 1-இல் மலாயாவின் முதல் நகராண்மைத் தேர்தல் ஜோர்ஜ்டவுனில் நடந்தது. பின்னர் அந்நகரின் முதல் மேயரானவர் டி.எஸ். இராமநாதன் என்ற தமிழர். இந்தோனேசியாவுடன் மோதல் நிலவிய 1965-இல் இத்தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. ஆதி நாகப்பன் தலைமையிலான அரச விசாரணைக் குழு, தேர்தலை மீண்டும் நடத்தப் பரிந்துரைத்தது. ஆயினும் 1976-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் நியமன முறையையே நிலைநாட்டியது.

அச்சட்டப்படி, தலைவருடன் 8 முதல் 24 உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கும். பெரும்பாலோர் அவ்வட்டாரத்திலேயே குடியிருப்பவர்களாக இருக்க வேண்டும். வணிகத்தில் சிறந்தவர்களும் தம் சமூகத்தின் நலனை எடுத்துரைக்கத் தக்கவர்களும் தகுதி உடையோர். நடைமுறையில் பெயர்கள் பெரும்பாலும் கட்சிகள் வழியாகவே போகின்றன.

அதனால் நமக்கு எட்டாதது என்று விட்டுவிடலாமா? கடை லைசென்ஸ், குப்பை லோரி, சாக்கடை, அங்காடி இடம் எல்லாம் அங்கேதான் முடிவாகின்றன. 2013 அக்டோபரில் அணை நீர் திறந்துவிடப்பட்டு, பெர்த்தாமில் வெள்ளம் உயிர்களைக் கொண்டுபோனது. ஆற்றோரத்தில் எதைக் கட்டலாம், எதைக் கட்டக்கூடாது என்பது உயிர்ப் பிரச்சினை என்று அன்று அறிந்தோம்.

இளைஞர்கள் நாங்கள் மூன்று காரியங்களை முன்வைக்கிறோம்.

ஒன்று: மன்றம் வேறுவிதமாகத் தீர்மானித்தாலன்றி, அதன் முழுக் கூட்டங்கள் பொதுமக்களுக்கும் பத்திரிகையாளருக்கும் திறந்தவை என்கிறது அதே சட்டம். தானா ராத்தாவுக்கு முறைவைத்து இருவர் இருவராகப் போய் உட்காருவோம்.

இரண்டு: நம் சங்கத்தில் ஒரு புகார்ப் புத்தகம் வைப்போம். தேதி, இடம், கொடுத்த மனு, கிடைத்த பதில் எல்லாம் அதில் பதிவாகட்டும். தோட்டத் தொழிலாளி, சீனக் காய்கறி விவசாயி, ஓராங் அஸ்லி அண்டைவீட்டார் குறையும் அதில் ஏறட்டும்.

மூன்று: அந்தப் புத்தகத்தைச் சுமந்து அலைந்தவரையே, மஷூரா செய்து, நம் பெயராக எழுத்தில் கொடுப்போம். வசதியும் குடும்பப் பெயரும் பார்க்க வேண்டாம். பதவி அமானிதம், அதைத் தாங்கும் தோளைத்தான் தேட வேண்டும்.

நியமனம் வராமல் போகலாம். அப்போதும் சாக்கடை அடைப்பைச் சொல்ல ஆளிருக்கும். என்றாவது தேர்தல் திரும்பினால், இந்தப் பள்ளத்தாக்கு மக்களுக்கு அவரை அறிமுகப்படுத்தத் தேவையே இருக்காது.

அல்லாஹ் நம் எண்ணங்களைச் சீராக்குவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.