சபையின் சொல்லும் பதிவில் ஏறுக!

(திருகோணமலை சல்லியில் மாநாட்டுத் தொண்டர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வரவிருக்கும் மாநாட்டுக்குப் பந்தல் இடுவோர் யார், அன்னம் படைப்போர் யார், வெளியூர் அன்பர்களை எதிர்கொள்வோர் யார் என்பவற்றையெல்லாம் நமக்கு முன் பேசியோர் வகுத்துக் கூறிவிட்டனர். நமக்கு விடப்பட்ட பொருள் ஒலிப்பதிவு. கைக்குள் அடங்கும் ஒரு சிறு கருவியைப் பற்றிப் பேச ஒரு வழக்கறிஞர் எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். நீதிமன்றத்தில் நாள்தோறும் சொல்லை எடைபோட்டுப் பிழைக்கும் நமக்கு, சொன்ன சொல்லுக்குச் சாட்சி இல்லாதபோது எளியவன் படும் பாடு நன்கு தெரியும். அதனாலேயே இப்பொருளை விரும்பி ஏற்றோம்.

கமக்காரருக்குப் பதிவின் அருமையை நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பெரும்போகத்துக்கும் சிறுபோகத்துக்கும் முன்னர்ப் பயிர்ச்செய்கைக் கூட்டம் கூடுகிறது. குளத்து நீரை எந்நாளில் திறப்பது, எந்நாளில் மூடுவது, எத்தனை நாள் நெல்லை விதைப்பது என்று அங்கே முடிவாகிறது. அம்முடிவு எழுத்தில் ஏறியபடியால் அன்றோ, பின்னர் வாய்க்காலின் கடைக்கோடியில் நிற்கும் சிறு விவசாயியும் தனக்குரிய நீரைத் தலை நிமிர்ந்து கேட்க முடிகிறது! பதிவு இல்லாத இடத்தில் உரத்த குரலுடையவன் சொன்னதே முடிவாகிவிடும். வயலுக்குப் பொருந்தும் இந்த நியாயம் மாநாட்டுக்குப் பொருந்தாதா?

இத்திருகோணமலை பதிவின் பெருமையை அறிந்த மண். பதினேழாம் நூற்றாண்டிற் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டு கோட்டை கட்டினர். அக்கோட்டையின் வாயிலிலே தமிழ் எழுத்துப் பொறித்த கல்லொன்று இன்றும் நிற்கிறது. கோட்டை வாயிலில் வைக்கப்பட்ட கல், இடிக்கப்பட்டதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறது. பொறித்து வைத்த சொல்லின் ஆற்றல் அத்தகையது.

1956ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் இதே திருகோணமலையில் தமிழரசுக் கட்சியின் மாநாடு கூடியது. வடக்கிலும் கிழக்கிலும் பல ஊர்களிலிருந்து மக்கள் கால்நடையாக நடந்து வந்தனர். நான்கு கோரிக்கைகளும், அவற்றை நிறைவேற்ற அரசுக்கு ஓராண்டுத் தவணையும் அங்கே தீர்மானமாயின. 1957 ஜூலை 26இல் ஒப்பந்தம் ஒன்று கைச்சாத்தாயிற்று. 1958 ஏப்ரலில் அது கைவிடப்பட்டது. இவையெல்லாம் நூல்களில் உள்ளன; வேண்டுவோர் வாசிக்கலாம். ஆனால் கால் கொப்பளிக்க நடந்து வந்த உழவன், வழியில் எந்த மரநிழலில் அமர்ந்து என்ன பேசினான்? பந்தலின் ஓரத்தில் நின்ற தாய் எதனை எதிர்பார்த்து வந்தாள்? தீர்மானம் அச்சேறிற்று, தலைவர்களின் உரை செய்தித்தாளில் ஏறிற்று, சபையில் இருந்தவனின் சொல் காற்றோடு போயிற்று. இக்குறை எந்த ஒரு கட்சிக்கும் உரியதன்று. அக்காலத்து மாநாடுகள் அனைத்துக்கும் பொதுவான குறை அது.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். ஜெர்மனியின் டொய்ச்ச வெல்லே வானொலி 1984ஆம் ஆண்டில் இத்திருகோணமலையில் அஞ்சல் நிலையம் அமைத்தது. 2013இல் அது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்திடம் கையளிக்கப்படும் வரை, எங்கோ பேசப்பட்ட பேச்சு இங்கிருந்து ஆசியாவெங்கும் சென்றது. உலகத்தின் குரல் நமது தலைக்கு மேலாகப் பறந்தது. நமது குரலோ நமது பந்தலைத் தாண்டவில்லை!

அன்று அதற்குக் காரணம் இருந்தது. காந்த முறையில் ஒலியைப் பதியும் வழியை டென்மார்க் நாட்டுப் பூல்சன் 1898இலேயே கண்டார். நாடாவிற் பதியும் ஜெர்மானியக் கருவி 1935இல் வெளிவந்தது. அவையெல்லாம் விலையும் பாரமும் மிக்கவை. 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் சிறிய கசெட்டை அறிமுகப்படுத்திய பின்னரே ஒலிப்பதிவு சாமானியர் கைக்கு வந்தது. இன்று சட்டைப்பையில் அடங்கும் கருவி பல மணி நேரப் பேச்சைப் பதிகிறது, கைத்தொலைபேசியும் பதிகிறது. ஆகவே இனிமேல் பதியாமல் விட்டால், அதற்குக் கருவியைக் குறை சொல்ல முடியாது.

பதிந்துவிட்டால் மட்டும் போதுமா? போதாது. நம்பத்தக்கதாய்ப் பதிதல் வேண்டும். சட்டம் இதனைத் தெளிவாக வகுத்துள்ளது. இலங்கையில் 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சாட்சியச் சிறப்பேற்பாடுகள் சட்டம், நிகழும்போதே எடுக்கப்பட்ட பதிவைச் சாட்சியமாக ஏற்க இடமளிக்கிறது. கருவி செவ்வனே இயங்கியதா, பதிவு மாற்றப்படாமல் இருந்ததா, பாதுகாப்பான கையில் இருந்ததா என்று அது கேட்கிறது. இந்திய உச்ச நீதிமன்றம் 1975இல் புகாரி எதிர் மெஹ்ரா என்னும் தேர்தல் வழக்கில், மேடைப் பேச்சுகளின் நாடாப்பதிவும் ஆவணமே என்று கொண்டது. குரல் இன்னாருடையது என அடையாளம் காணப்படுதலும், பதிவு திருத்தமானது என மெய்ப்பிக்கப்படுதலும் வேண்டும் என்றது. நாம் நீதிமன்றம் செல்வதற்காகப் பதியவில்லை. ஆயினும் நீதிமன்றம் கேட்கும் கேள்விகளுக்கு விடை சொல்லவல்ல பதிவையே வரலாறும் நம்பும்.

ஆதலின் தொண்டர்கள் செய்ய வேண்டியவற்றைக் கூறுகிறோம்.

முதலாவது, கருவியைப் பேச்சாளரின் வாயிலிருந்து ஒரு சாண் அளவில் வையுங்கள். அல்லது ஒலிபெருக்கியிலிருந்து நேரே கம்பி கொடுங்கள். தூரம் இருமடங்கானால் நேரே வந்து சேரும் ஒலியின் செறிவு காற்பங்காகிவிடும். பந்தலின் பின்வரிசையில் வைத்த கருவி பேச்சைக் காட்டிலும் எதிரொலியையே பதியும்.

இரண்டாவது, இது கடற்கரை ஊர். கச்சான் வீசினாலும் வாடை வீசினாலும் காற்று ஒலிவாங்கியில் மோதி இரையும். பஞ்சுறை இடாமல் வெளியிற் பதிய வேண்டாம்.

மூன்றாவது, நமது பேச்சாளர்கள் மெல்லத் தொடங்கி முழங்கி முடிப்பவர்கள். தொடக்கத்துக்கு ஏற்ப ஒலியளவை வைத்தால் முழக்கம் வரும்போது பதிவு சிதைந்துவிடும். சிதைந்ததை எந்த வித்தையாலும் சீராக்க இயலாது. உச்சக் குரலும் எல்லைக்கு 12 டெசிபெல் கீழே நிற்குமாறு வையுங்கள். காதிற் கேட்குங்கருவி மாட்டிய ஒருவர் தொடர்ந்து கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

நான்காவது, ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் நாள், இடம், நிகழ்ச்சி, பேசுபவர் பெயர் ஆகியவற்றைத் தொண்டர் தம் குரலிற் சொல்லிவிட வேண்டும். பெயரில்லாத பதிவு உறுதியில்லாத காணி போன்றது. உரிமை இருந்தும் காட்ட முடியாது.

ஐந்தாவது, இடையில் நிறுத்தாதீர்கள். ஒருவர் பேச்சுச் சுவைக்கவில்லை என்று நிறுத்திய ஐந்து நிமிடம், பின்னொரு நாள் முழுப்பதிவையும் ஐயத்துக்குள்ளாக்கும். மாற்று மின்கலம் கையில் இருக்கட்டும். சுருக்காத முறையில் ஒற்றைத் தடத்திற் பதிந்தால் மணிக்கு ஏறத்தாழ 350 மெகாபைட்டே செல்லும்; இடத்துக்குப் பஞ்சமில்லை.

இனி, நாம் தலையாயதாகக் கருதும் செய்தி. தலைவர் பேசி முடிந்ததும் கருவியை மூடிவிடும் வழக்கத்தை விட்டொழியுங்கள்! சபையினர் எழுந்து கேட்கும் நேரத்துக்கென இரண்டாவது ஒலிவாங்கி ஒன்று வேண்டும். கரைவலை இழுப்பவர் தம் கரையைப் பற்றிக் கேட்பதும், காணி இழந்தவர் தம் உறுதியைப் பற்றிக் கேட்பதும், அதற்கு மேடையிலிருந்து வரும் விடையும் பதிவாக வேண்டும். மேடையில் உள்ளவர் வாக்குக் கொடுத்தால், அந்த வாக்கு சபைக்குச் சொந்தம். அடுத்த மாநாட்டில் அதே மேடையில் அதனைப் போட்டுக் காட்டிக் கேட்கும் உரிமை சபைக்கு உண்டு. மேடையில் ஏறும் நமக்கும் இது பொருந்தும். நாம் விலக்குக் கேட்கவில்லை.

ஆனால் ஓர் எச்சரிக்கை. மேடையில் ஏறுபவன் ஊரறியப் பேசவே வருகிறான். சபையிலிருந்து எழுபவளுக்கோ அண்டை வீடு உண்டு, கடன்காரன் உண்டு, அதிகாரி உண்டு. குரல் பதிவாவது அவளுக்குக் காவலும் ஆகலாம், கேடும் ஆகலாம். ஆகவே பதிவு நடைபெறுவதைத் தொடக்கத்திலேயே சபைக்கு அறிவியுங்கள். வேண்டாம் என்பவரின் சொல்லைப் பதியாதீர்கள். பெயர் வேண்டாம் என்பவரின் பெயரைக் கேட்காதீர்கள். ஒளித்து வைத்துப் பதிவது தொண்டன் செய்யும் வேலையன்று. ஒற்றன் செய்யும் வேலை. ஒருமுறை அந்த ஐயம் சபையிற் புகுந்துவிட்டால், பிறகு எவரும் மனம் திறந்து பேசமாட்டார்.

பதிந்ததைப் பேணுவது அடுத்த கடமை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. வேறெங்கும் படியில்லாதவை திரும்பவே இல்லை. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை இக்கரையோர வீடுகளுட் புகுந்தபோது உயிரோடும் உடைமையோடும் உறுதிகளையும் பிறப்புச் சான்றுகளையும் கொண்டு போயிற்று. தீயும் நீரும் நமக்குக் கற்பித்த பாடம் ஒன்றே: ஒரே பெட்டியில் வைத்தது ஒருநாளில் அழியும். ஆகவே ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று படிகள் எடுங்கள். இரு வேறு வகைச் சாதனங்களில் வையுங்கள். ஒன்றேனும் இக்கரையை விட்டு வெளியூரில் இருக்கட்டும். 2005 முதல் நமது நூல்களையும் ஆவணங்களையும் மின்வடிவிற் சேர்த்து வரும் நூலகம் நிறுவனம் போன்றோரிடம், பேசியவரின் இசைவோடு ஒரு படி ஒப்படைக்கலாம்.

மூலப்பதிவைத் திருத்தாதீர்கள்; வெட்டுவதும் ஒட்டுவதும் படியிலே நடக்கட்டும். ஒருவர் குரலைச் சிறிது கேட்டுவிட்டு, அவர் சொல்லாததை அவர் குரலிலேயே சொல்லும் பொறிகள் வந்துவிட்ட காலம் இது. நாளை நமது பேச்சாளர் ஒருவர் வாயில் நஞ்சை வைத்து ஊரெங்கும் பரப்பினால், எதைக் காட்டி மறுப்போம்? முழுமையாய், தொடர்ச்சியாய், பொறுப்பான கையில் இருந்த மூலப்பதிவு ஒன்றே நமக்குக் கேடயம்.

இளைஞர்களே! பந்தல் மறுநாளே பிரிக்கப்படும், தோரணம் வாடும், கூட்டம் கலையும். எஞ்சி நிற்கப்போவது பேசப்பட்ட சொல். அச்சொல்லில் தலைவரின் முழக்கமும் இருக்கட்டும். சல்லியிலிருந்து எழுந்து கேட்ட சகோதரியின் கேள்வியும் இருக்கட்டும். இரண்டையும் ஒரே தராசில் வைத்து, ஒன்றையும் கூட்டாமல், ஒன்றையும் குறைக்காமல், வருவோர் கையில் ஒப்படைக்கும் பொறுப்பை உங்களிடம் தருகிறோம்.